கூமுட்டைப் பாடம்

"பெருமாளுக்குச் சளி பிடிச்சா துளசி வாசனை தெரியுமாம்மா?" ஸ்ரீரங்கம் கோயிலில் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி ரங்கநாயகி ஒரு நாள் கேட்ட கேள்வி இது. "பேசாம சேவிடி" என்றாள் அம்மா.

அந்த ரங்கநாயகி இப்போது திருச்சியில் பி.யூ.சி. படிக்கிறாள். கல்லூரியின் ரசாயனக் கூடத்துக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே அவள் தோழி, பாலக்கரை சுராயா. இருவருக்கும் நடுவே ஒரு டிபன் டப்பா.

"யாரும் பாக்கலியே?"

"பாக்கல. ஒரே ஒரு முட்டை. அதுக்கு ஏன்டி இப்படி நடுங்குற?"

"எங்காத்துல தெரிஞ்சா, அப்பா என்னைக் காவேரில முக்கி எடுத்துட்டுத்தான் உள்ளே விடுவார். இருந்தாலும் எனக்கு வேற வழியில்லை. திற."

அவள் சாப்பிட வரவில்லை. மோந்து பார்க்க வந்திருந்தாள்.

வைகுண்ட ஏகாதசிக்கு அவள் லீவு போட்டிருந்த அன்றுதான் வகுப்பில் சல்பைடு உப்பைச் சோதித்தார்கள். அதில் அமிலத்தை ஊற்றினால் அழுகிய முட்டை நாற்றம் வரும் என்கிறது புத்தகம். முட்டை என்ற சொல்லையே மெதுவாகச் சொல்லும் வீட்டில் பிறந்தவள் என்ன செய்வாள்? அமலராணி மிஸ்ஸிடம் கேட்டதற்கு, "அது தெரியாதவங்க கூட உண்டாம்மா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மற்ற வாயுக்களில் அவளை மிஞ்ச ஆளில்லை. குழாயில் குமிழி கிளம்பும் முன்பே, "அமோனியாடி, எங்க தெரு மாட்டுக்கொட்டில் மாதிரியே இருக்கு" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி கூவுவாள். "வாயை மூடிக்கிட்டு மோந்து பாரு ரங்கநாயகி" என்று மிஸ் தினமும் அதட்டுவார். பக்கத்து மேஜையில் சுராயா சிரித்தபடியே குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள்.

"திங்கட்கிழமை பிராக்டிகல்ல பாஸானா பி.எஸ்ஸி., பெயிலானா அடுத்த முகூர்த்தத்துலயே கல்யாணம்னு அப்பா சொல்லிட்டார். சல்பைடு வந்தா நான் என்னடி எழுதுவேன்? ஊசிப்போன ததியோன்னம்னா?"

சுராயா முட்டையை வெளியே எடுத்து உயர்த்திப் பிடித்தாள். "நீ வராத அன்னிக்கு எனக்கு லேப்ல கிடைச்ச மார்க்கும் இதேதான். கவலைப்படாத. எங்க கோழி அடைகாத்து, வேணாம்னு விட்டுட்டுப் போன கூமுட்டை. உனக்குப் பொருத்தமா இருக்கும்."

"என்னையா கூமுட்டைங்கறே?"

"முட்டையைச் சொன்னேன். கிட்ட வா."

ரங்கநாயகி கண்ணை மூடிக்கொண்டு, "பெருமாளே, இது படிப்புக்கு மட்டும்தான்" என்றாள். "பிஸ்மில்லா" என்று சொல்லி சுராயா முட்டையை டப்பாவின் விளிம்பில் தட்டினாள். ஒரு கூமுட்டையை இத்தனை பக்தியோடு யாரும் உடைத்திருக்க மாட்டார்கள்.

மரத்திலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. ரங்கநாயகி இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் மரத்தைச் சுற்றி ஓடினாள். "இதுவா? இதுக்காகவா நான் இத்தனை நாள் தவம் கிடந்தேன்?"

சுராயா டப்பாவை ஏந்தியபடி விடாமல் துரத்தினாள். "ஓடாத. நல்லா மோந்து மனசுல வச்சுக்க. இன்னொண்ணுக்கு எங்க கோழி ஒத்துக்காது."

கூடத்து ஜன்னல் படீரென்று திறந்தது. அட்டெண்டர் வீரமலை துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, கேஸு ஏதாச்சும் லீக்காவுதா? கொடலைப் பொரட்டுது."

சுராயா டப்பாவைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டாள். "அப்படியா அண்ணே? எனக்கு ஒண்ணும் தெரியலியே." முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

வீரமலை உள்ளே ஓடி, பாட்டில் மூடிகளை ஒவ்வொன்றாக இறுக்கத் தொடங்கினார். "நீ நாடகத்துல சேந்துடுடி" என்று சொல்லிவிட்டு, ரங்கநாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை. பேசக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கையில் உப்பைக் கொடுத்தார்கள். ரங்கநாயகியின் உப்பில் அமிலம் விழுந்ததுதான் தாமதம், வேப்ப மரத்தடி அப்படியே எழுந்து வந்தது. கூவ வந்த வாயை அவள் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். மனத்துக்குள் முதலில் பெருமாளுக்கு நன்றி சொன்னாள். பிறகு கோழிக்கும் சொன்னாள்.

தேர்வு முடிந்து எல்லோரும் போன பின்பு, தாழ்வாரத்தில் தோழியைப் பிடித்துக் கிறுகிறுவென்று சுற்றினாள்.

"சல்பைடுதான்டி வந்தது. நான் ஜெயிச்சுட்டேன். உனக்கு என்ன வந்தது?"

"அமோனியா. கண்ணாடிக் குச்சியை ஆசிட்ல நனைச்சுக் குழாய் வாயில காட்டினேன். வெள்ளையா புகைஞ்சுச்சு. அதை வச்சுக் கண்டுபுடிச்சேன்."

"அமோனியாவுக்குப் போய் குச்சியும் புகையும் எதுக்குடி? சரி போ. நீ பண்ணின உபகாரத்துக்கு நான் என்ன பதில் பண்ணப் போறேனோ."

"ஒண்ணும் பண்ண வேணாம். நான் உன்கிட்ட பட்டிருந்த கடனைத்தான் அடைச்சேன்."

"என்கிட்டயா? என்ன கடன்?"

சுராயா இரண்டு பக்கமும் பார்த்தாள். தாழ்வாரத்தில் யாருமில்லை. தோழியின் காதருகே குனிந்தாள்.

"வருஷம் பூரா நீ கூவுனதைக் கேட்டுத்தானே நான் எழுதினேன்? எனக்குப் பொறந்ததுலேருந்தே வாசனை தெரியாதுடி."