பின்னணி இரைச்சல்

காது கேளாத ஜெசிந்தாவுக்கு வகுப்பில் யார் பேசினாலும் அது கைப்பேசித் திரையில் எழுத்தாக வந்து விழும். தாவரவியல் மிஸ்ஸின் பாடத்துக்கு நடுவே பின்பெஞ்சின் "பசிக்குதுடி"யும் விழும். எல்லோரும் சிரித்தால் அடைப்புக்குறிக்குள் 'சிரிப்பு' என்று வரும். காரணம் தெரியாமலே அவளும் கொஞ்சம் பிந்திச் சிரித்துவைப்பாள்.

அன்று, தொண்டை அதிர்வை விரலால் தொட்டறிந்து இருபது நாள் கண்ணாடி முன் பழகிய கேள்வியோடு எழுந்தாள். இருட்டில் வேர் எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டாள். தன் சொற்கள் எழுத்தில் எப்படி இருக்கின்றன என்று ஆசையாகத் திரையைப் பார்த்தாள்.

அடைப்புக்குறிக்குள் 'இரைச்சல்' என்றிருந்தது.

அதன் கீழே வரிகள் ஓடின. "என்னம்மா கேக்குறா இவ? யாருக்காவது புரியுதா?" "ஒண்ணுமில்ல மிஸ், சும்மா சத்தம் போடுறா." பிறகு, சிரிப்பு. முதல்முறையாக அவளுக்குக் காரணம் தெரிந்திருந்தது.

வகுப்பு முடிந்து குறிப்பைச் சேமிக்கும்போது, "பின்னணி இரைச்சலை நீக்கவா?" என்று திரை கேட்டது. அவள் 'ஆம்' என்பதைத் தொட்டாள். பாடம் தவிர மற்றதெல்லாம் மறைய, மேல்வரியும் கீழ்வரியும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டன. அவள் எழுந்து நின்ற இடமே தெரியவில்லை.