முப்பத்தோரு ஆர்டர்

வக்கீல் நோட்டீஸைப் படித்து முடித்ததும் மருந்துக்கடை முதலாளிக்குக் காதுமடல்வரை சூடேறிவிட்டது.

"கண் தெரியாதவங்களால எங்க வெப்சைட்ல மருந்து வாங்க முடியலையாம். கோர்ட்டுக்குப் போவாங்களாம். இருபது வருஷமா நாயாப் பேயா உழைச்சு வளர்த்த கடை சார் இது."

எதிரே இருந்த அவருடைய வக்கீல் நிதானமாகப் பேசினார்.

"சட்டம் நோட்டீஸ் அனுப்பின அந்தப் பொண்ணு பக்கம்தான் இருக்கு. நீங்க மருந்தோட படத்தைப் போட்டிருக்கீங்க, பேரை எழுத்துல போடலை. அவங்க போன் எழுத்தை மட்டும்தான் வாசிச்சுச் சொல்லும். மத்ததுக்கெல்லாம் 'படம், படம்'னுதான் சொல்லும். எத்தனையாவது படம்னு எண்ணி எண்ணி வாங்கியிருக்காங்க. நீங்க நடுவுல ஒரு விளம்பரத்தைச் செருகினா எண்ணிக்கை தப்பிடுது."

"அதனால என்ன ஆச்சாம்?"

"அவங்க அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை கேட்டாங்க. வைட்டமின் மாத்திரை போயிருக்கு. தொட்டுப் பார்த்தா ரெண்டு அட்டையும் ஒரே மாதிரிதான், அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. ஒரு வாரம் அதையே முழுங்கிட்டு அந்த அம்மா இப்ப ஆஸ்பத்திரியில."

முதலாளி அசரவில்லை.

"மூணு வருஷமா இதே வெப்சைட்லதானே வாங்குது? முப்பத்தோரு ஆர்டர். இதுவரை ஒரு புகார் உண்டா?"

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நல்ல பிடிதான். முப்பது தடவை சரியாப் போயிருக்குன்னா வெப்சைட் மேல குத்தமில்லைன்னு வாதாடலாம். ஆதாரம் இருக்கா?"

"பேக்கிங் சீட்டு அத்தனையும் இருக்கு. நான் விடறதா இல்லை சார். ஒரு கை பார்த்துடறேன்."

ஃபைலோடு வந்தாள் பேக்கிங் பெண். கடையில் அவளுக்கு 'ரேடியோ' என்று பேர். எந்நேரமும் காதில் போனை வைத்துக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டே இருப்பாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த முதலாளி, அண்மையில்தான் அந்தப் பழக்கத்துக்கு ஒரு முடிவு கட்டியிருந்தார்.

சீட்டுகளைப் புரட்டிய வக்கீலின் முகம் மாறியது. பாதிக்குமேல் சீட்டுகளில் அச்சில் வேறொரு பொருள் இருந்தது. அதைப் பச்சை மையில் அடித்து, பக்கத்தில் 'பிரஷர் மாத்திரை' என்று எழுதியிருந்தது.

"யார் எழுத்தும்மா இது?"

"என்னோடதுதான் சார். மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்குறவங்க திடீர்னு தலைச்சாயம் பத்துப் பாக்கெட் கேட்டா சந்தேகம் வராதா? போன் போட்டேன். அப்பதான் அவங்களுக்குக் கண் தெரியாதுன்னே தெரிஞ்சது. அதுலேருந்து அவங்களைக் கேட்காம நான் பார்சல் கட்டினதில்லை. அவங்களை மாதிரி இன்னும் பதினாறு பேர் இருக்காங்க சார்."

"இதை முதலாளிகிட்ட சொல்லலையா?"

"ரெண்டு தடவை சொன்னேன். 'உன் வேலையைப் பாரு'ன்னார்."

முதலாளி அப்போதும் விடவில்லை. கடைசிச் சீட்டை வெடுக்கென்று உருவினார். அதில் பச்சை மை ஒரு சொட்டுகூட இல்லை.

"இதுல ஏன் திருத்தலை? அப்போ கேஸ் வந்ததே உன்னாலதான். இந்த மாசம் மட்டும் ஏன் போன் பண்ணலை?"

'ரேடியோ' தயங்கவில்லை. அவருடைய மேஜையின் கீழ் டிராயரைக் காட்டினாள்.

"வேலை நேரத்துல அரட்டை அடிக்கிறேன்னு, போன மாசத்துலேருந்து தினம் காலையில என் போனை வாங்கி அதுக்குள்ளதானே சார் வச்சுப் பூட்டறீங்க?"