நாலாவது தூண்

அடுக்குமாடியைக் கட்டியவர் வரைபடம் இல்லையென்று கைவிரித்துவிட்டார். நிலநடுக்கத்தைக் கட்டடம் தாங்குமா என்று பார்க்க, பொறியாளர் அமலோற்பவம் தரைத்தளத் தூண் ஒன்றின் காரையைக் கம்பி தெரியுமளவுக்குச் சுத்தியலால் பெயர்த்தாள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தணிகாசலம் ஓடிவந்து அவள் கூந்தலைப் பிடித்துத் தூணிலேயே மோதினார்.

"குடியிருக்கிற வீட்டையாடி இடிக்கிற?"

நெற்றி பிளந்து வழிந்த ரத்தத்தைத் துடைக்காமல் அவள் உள்ளே காட்டினாள்.

"கம்பியைச் சுத்தி இறுக்கிப் பிடிக்க ரிங்கே போடல சார். பூமி ஆடினா கம்பி பிதுங்கி, மொத்தமும் உக்காந்துரும்."

அவர் குனிந்து பார்த்தார். அருகில் கிடந்த சம்மட்டியைத் தூக்கி அடுத்த தூணைப் பிளந்தார். ரிங் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. கூரையிலிருந்து காரை உதிர்ந்தது. மேலே யார் வீட்டிலோ பாத்திரங்கள் உருண்டன.

"நிறுத்துங்க சார், மேல ஆளுங்க இருக்காங்க!"

"இதுல ரிங் இருக்கும்மா," என்று கெஞ்சியபடி நாலாவது தூணுக்கு ஓங்கினார்.