ரைட்டர் வீட்டு ஒருசந்தி

சிலுவைப்பாதை வழிபாடு முடிந்து தெரசம்மாள் கோயில் படி இறங்கினாள். காலையிலிருந்து வெறும் வரக்காப்பிதான். தவக்கால வெள்ளிக்கிழமை. ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி நோன்பு என்றால் அவளுக்கு ஒருசந்திதான். இடையில் ஒரு பிடி பொரிகூட வாயில் போடமாட்டாள்.

எஸ்டேட் வீடுகளை நெருங்கியதும் அந்த மணம் மூக்கில் ஏறியது. பன்றிக்கறி. அதுவும் விலா எலும்பு, மிளகு போட்டு, புகைவாசம் ஏற வெந்துகொண்டிருக்கிறது. பசித்த வயிறு மானத்தை வாங்கியது. அதனாலேயே அவளுக்குக் கோபம் இரண்டு பங்கானது.

பக்கத்து வீட்டுச் சாந்தாமேரியின் வேலைதான், வேறு யார்? தவக்காலத்தில் இந்தப் பக்கம் ஒருத்தரும் பன்றி அறுக்கமாட்டார்கள். அவள் புருஷன் லாசர் ஜீப் ஓட்டுகிறவன். மஞ்சக்குட்டையிலிருந்து கறி வாங்கி வந்து இறக்குகிறான். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து இந்தக் கூத்து நடக்கிறது.

தன் வீட்டை நினைத்துக்கொண்டாள் தெரசம்மாள். புருஷன் அருள்சாமி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். தட்டு நிறையச் சோறு இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் மனுஷன், இந்த வருஷம் சோற்றையே தொடுவதில்லை. களியும் வேண்டாமாம். ராத்திரிக்குக் கொஞ்சம் கீரை, ஒரு டம்ளர் மோர். "ஒருசந்திங்களா?" என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மாதா சபைக் கூட்டத்தில், கடைவீதியில், சேலம் பஸ்ஸில்கூடச் சொல்லிவிட்டாள். "எங்க ஊட்டுக்காரரு மாதிரி ஒருசந்தி இருக்க சாமியாராலகூட ஆகாதுங்க."

அப்படிப்பட்ட வீட்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு வீடு! கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தாள்.

அடுப்படியில் மரத்தூள் அடுப்பு. மத்தியானமே தூளை இறுக்கி அடைத்துப் பற்றவைத்துவிட்டால், ஊத வேண்டாம், தள்ள வேண்டாம், பொழுது சாயும்வரை அதுபாட்டுக்குக் கனிந்துகொண்டிருக்கும். மேலே மண்சட்டி. களை வெட்டி வந்த அலுப்பில் சாந்தாமேரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏஞ் சாந்தாமேரி, இன்னைக்கு என்ன கெழம?"

"வெள்ளிங்க்கா."

"தெரிஞ்சேதான் எலும்பு வேக வெக்கறயா?"

சாந்தாமேரி எழுந்து பின்கதவை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாங்க்கா."

"யாருக்கு? லாசருக்கா?"

"அவரு தவக்காலத்துல கறி தொடமாட்டாருங்க."

"அப்பறம்?"

சாந்தாமேரி கரண்டியை எடுத்துச் சட்டியைக் கிளறினாள். "எனக்குத்தானுங்க. நாக்கு கேக்கமாட்டேங்குதுங்க."

"வெக்கமா இல்ல? எங்க ஊட்டுல ஒரு மனுசன் பட்டினி கெடந்து பாதி ஒடம்பாயிட்டாரு. நீ பக்கத்துலயே உக்காந்து எலும்பு கடிக்கற!"

சாந்தாமேரி மறுபடியும் பின்கதவைப் பார்த்தாள். "தப்புதானுங்க்கா."

எதிர்த்துப் பேசியிருந்தாலாவது தெரசம்மாள் ஆறியிருப்பாள்.

"பெரிய வெள்ளிக்குக் கோயில் கஞ்சி நீதான காச்சுவ? இந்த வருசம் நீ அண்டாவைத் தொடாத. சாமியாருகிட்ட நானே சொல்லிக்கறேன்."

சாந்தாமேரியின் கண் நிறைந்துவிட்டது. அவள் அம்மா காய்ச்சிய கஞ்சி. அம்மாவுக்குப் பிறகு அவள். வருஷம் முழுக்க மண்ணோடு மல்லுக்கட்டுகிறவளை ஊரே பேர் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஒருநாள்தான். அது தெரசம்மாளுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"செரிங்க்கா. நீங்க நொம்பச் சோந்துபோயிருக்கீங்க. மொதல்ல ஊட்டுக்குப் போங்க்கா." கெஞ்சினாள் சாந்தாமேரி.

அதற்குள் பின்கதவு திறந்தது. நிலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த தெரசம்மாள், வந்த ஆளின் கண்ணில் படவில்லை. ஆனால் குரலைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏம்மா சாந்தாமேரி, எலும்பு வெந்துருச்சா? பசியில கண்ணு இருட்டுது."

ரைட்டர் அருள்சாமி!

சாந்தாமேரி கையை ஆட்டி ஜாடை காட்டினாள். அவர் குனிந்து கால் கழுவிக்கொண்டே பேசினார்.

"சேலத்து டாக்டரு இந்தத் தடவையும் அதையேதாம்மா சொல்றாரு. இன்சுலினோ என்னமோ ஒரு ஹார்மோனு, அது செரியா வேல செய்யலியாம். சோறு, களி கூடாது, கறியும் கீரையும் தின்னுங்கறாரு. நோவுக்குத் திங்கறதுக்குத் தடையில்லன்னு சாமியாரும் சொல்லிட்டாரு. தெரசாகிட்டச் சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது. அவங்கண்ணன் சக்கரையிலதான போனான்? எனக்கும் அதுதான்னா அன்னைக்கே படுத்துருவா."

"அண்ணா, சித்த பேசாம..."

"அதுவுமில்லாம, நான் ஒருசந்தி இருக்கறேன்னு அவளா நெனச்சுக்கிட்டு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறா, பாவம். கல்யாணமாயி இத்தன வருசத்துல அவ என்னைப் பத்திப் பெருமையாப் பேசறது இதுதாம்மா மொதத் தடவ. அதைக் கெடுக்க மனசு வரல."

நிமிர்ந்தவர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். துண்டு கையிலேயே நின்றுவிட்டது.

தெரசம்மாள் சாந்தாமேரியிடமிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். சட்டியைத் திறந்து, கறி கழன்று விழுகிற பதத்தில் இருந்த எலும்புகளைத் தட்டில் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சாந்தாமேரி, பெரிய வெள்ளிக்கு நீதான் கஞ்சி காச்சோணும். பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு மொத ஆளா நான் வந்து நிக்கறேன், கண்ணு."