உப்புக்கோடுகள்

எதிர் வீட்டுப் பரமானந்தம் சும்மாவே கொடுத்த பழைய மீன்தொட்டியை வினிகரில் ஊறவைத்துத் தேய்க்க உட்கார்ந்தாள் ஜெசிந்தா. உள்கண்ணாடியில் உப்பு வெள்ளைக் கோடுகளாகப் படிந்து, விளிம்பிலிருந்து அடிவரை ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருந்தது. மேலே தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல், மாதக்கணக்கில் வற்றிய தொட்டியில்தான் அப்படி இறங்கும். “நேத்து காலையிலகூட குமுதா தண்ணி மாத்துனா. மத்தியானம்தான் அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போனா” என்றல்லவா தொட்டியைக் கொடுக்கும்போது தன் மனைவியைப் பற்றிச் சொன்னார் பரமானந்தம்? கடைசிக் கோட்டுக்குக் கீழே மீன்செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. வாசலில் நிழல் விழுந்தது. பரமானந்தம், கையில் எலுமிச்சம்பழத்தோடு. “வினிகருக்கெல்லாம் போகாதீங்கம்மா. தள்ளுங்க, நானே தேய்ச்சுத் தர்றேன்.” ஜெசிந்தா தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இருக்கட்டும்ண்ணே. எப்படித் தேய்க்கணும்னு குமுதாகிட்டயே கேட்டுக்கிறேன், ஒரு போன் போட்டுக் குடுங்க.” அவர் பழத்தை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டே நின்றார்.