அரை நிமிஷம்

தையல்காரம்மா வீட்டு வாசப்படியை மேனேஜர் மிதிக்கிறது அந்த வாரத்துல நாலாவது தடவை. மூணு தடவை கெஞ்சியாச்சு. இன்னிக்குக் கெஞ்சுறதா இல்லை. பின்னாடி லைன்மேன் ஏணியைத் தூக்கிட்டு, பல்லைப் பிடுங்கிக்கப் போறவர் மாதிரி மெதுவா வந்தார்.

ஆபீஸ்ல மேனேஜருக்கு 'நூத்துக்கு நூறு'ன்னு பேரு. வாயைத் திறந்தா அதுதான் வரும். ஊர்ல இருக்கிற ரெண்டு லட்சம் வீட்டையும் பழைய கேபிள்லேர்ந்து கழட்டி, புது இன்டர்நெட் லைனுக்கு மாத்துறது அவரோட பொறுப்பு. இந்த ஒரு தெருதான் பாக்கி. நாளைக்குக் காலையில விழா. 'ஊரே மாறியாச்சு'ன்னு முதலாளி மேடையில அறிவிக்கணும். அறிவிச்சா, தலைமை ஆபீஸ்ல முதலாளிக்குப் பக்கத்து ரூம் இவருக்கு. எந்த ஜன்னலோரம் நாற்காலியைப் போடணும்கிற வரைக்கும் யோசிச்சு வெச்சாச்சு.

கம்பெனி பிறந்ததே தையல்காரம்மா வீட்டு மாடி ரூம்லதான். அப்போ ஒரே ஒரு டிஷ், நாப்பது வீடு. முதலாளியே ஏணி வெச்சு ஏறி வயர் இழுத்தார். இருபத்திரெண்டு வருஷத்துல அது பதினாலு மாடிக் கட்டடமா வளர்ந்துடுச்சு. ஆனா இந்தத் தெருவுக்குப் படம் அனுப்புற பூஸ்டர் பெட்டி மட்டும், அந்தம்மா வீட்டுச் சுவத்துல, அந்தம்மா வீட்டுக் கரண்ட்ல இன்னும் ஓடிட்டிருக்கு.

ஓடினாக்கூடப் பரவாயில்லை. வம்பு ஃபுட்பால்ல வந்தது.

புது லைன்ல படம் பளிங்கு மாதிரி இருக்கும். ஆனா அரை நிமிஷம் லேட். பழைய வயர்ல உடனுக்குடன். அதனால இந்தத் தெரு 'கோல்'னு கத்தும்போது, பக்கத்துத் தெரு டிவியில கோல் போடப்போற ஆட்டக்காரன் உக்காந்து ஷூ லேஸ் கட்டிட்டிருப்பான். அரையிறுதி அன்னிக்குப் பக்கத்துத் தெருக்காரங்க மேனேஜரைப் போன்லயே துவைச்சுக் காயப்போட்டாங்க.

விஷயத்தை முதலாளிகிட்ட சொன்னப்போ அவர் சிரிச்சார். "அரை நிமிஷத்துல என்னய்யா குடி முழுகிடப் போகுது? பழசைப் பிடிச்சுத் தொங்குறவன் வளரவே மாட்டான்." ரெண்டாவது வரியை நாளைய மேடைக்கு பேனரா அடிச்சே வெச்சாச்சு.

இன்னிக்கு சாயங்காலம் இறுதி ஆட்டம். ஆரம்பிச்சு ஒண்ணேகால் மணி நேரம் ஓடிடுச்சு.

"பெட்டியைக் கழட்ட வந்திருக்கோம்மா."

"இன்னிக்கு மட்டும் வேணாம் தம்பி." தையல்காரம்மா மிஷினை நிறுத்தலை.

இன்னிக்கு இந்தக் கோப்பைம்பீங்க, அடுத்த மாசம் வேற கோப்பைம்பீங்கன்னு மேனேஜர் எகிறினார். ஊர் பார்க்கிறதுக்கு முன்னாடியே பார்க்கிறதுல அப்படி என்ன ருசி, அதுவும் ஓசியில, கம்பெனி இவ்வளவு வளர்ந்தும் நீங்க மட்டும் ஏன் வளரமாட்டேங்கறீங்கன்னு பொரிஞ்சு தள்ளினார்.

அந்தம்மா கோவிச்சுக்கலை. உள்ளே வந்து நல்லா பார்த்துக்கச் சொன்னாங்க.

மாடிப்படி அடியில பழஞ்செருப்புக் கூட்டத்துக்கு நடுவுல, முகம் பார்த்துத் தலை சீவலாம் போல ஒரு ஜோடி ஷூ. எவனோ பெரிய இடத்து ஆளு சட்டை தைக்க வந்திருக்கான்னு நினைச்சுக்கிட்டு மேனேஜர் தாண்டிப் போனார். உள்ளே தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, மூட்டை மூட்டையா வெட்டுத்துணி. சுவத்துல பூஸ்டர் பெட்டி, அதுக்கு ஜாலர் வெச்சு ஒரு உறை. மேனேஜர் நாலு பக்கமும் திரும்பினார்.

"டிவி எங்கம்மா?"

"எனக்கெதுக்குப்பா டிவி? மிஷினைப் பார்ப்பேனா, அதைப் பார்ப்பேனா?"

"அப்போ யாருக்காக இந்த அழிச்சாட்டியம்?"

"ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன். அது யாருன்னு சொல்லமாட்டேன்னும் வாக்குக் குடுத்துட்டேன்."

மேனேஜர் லைன்மேனைப் பார்த்துக் கழட்டச் சொன்னார். கட்டிங் பிளேயரைக் காணோம்னு லைன்மேன் பை முழுக்கத் துழாவினார். அது அவரோட சட்டைப் பையிலேர்ந்து எட்டிப் பார்த்துட்டிருந்துச்சு. மாடி ரூம் காலத்துலேர்ந்து கம்பெனியில இருக்கிற மனுஷன், இப்படித் தடுமாறி மேனேஜர் பார்த்ததே இல்லை.

"சார், சொன்னாக் கேளுங்க. ஆட்டம் முடியட்டும்."

அந்த நேரம் பார்த்துத் தெருவே 'கோல்'னு அலறுச்சு. மாடியில யாரோ குதிச்ச குதியில சுண்ணாம்பு உதிர்ந்து மேனேஜர் தலை ஒரே நொடியில நரைச்சது. அடுத்து அவர் போன் அடிக்க ஆரம்பிச்சது. எல்லாம் பக்கத்துத் தெரு.

அவ்வளவுதான். மேனேஜர் எட்டிப் போய் பூஸ்டர் பிளக்கைத் தானே பிடுங்கினார்.

தெரு கப்சிப்.

அப்புறம் மாடிப்படியில தடதடன்னு சத்தம்.

"எவன்டா அது பிடுங்கினது?"

அந்தக் குரலை மேனேஜர் இதுவரைக்கும் ஆபீஸ்லயும் மைக்லயும்தான் கேட்டிருக்கார், அதுவும் 'டா' இல்லாம. இறங்கி வந்த ஆளு பனியன்ல இருந்தார். கால்ல சாக்ஸ், கழுத்துல விசில், கன்னத்துல ரெண்டு கோடு டீம் கலர்.

மேனேஜர் பிளக்கை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சார்.

"சார்... நாளைக்கு மேடையில... நூத்துக்கு நூறு..."

"தொண்ணூத்தொம்பதுக்கு என்னய்யா குறைச்சல்? உன் ரூம் எங்கேயும் ஓடிடாது." முதலாளி கடைசிப் படியிலேர்ந்து தாவினார். "சீக்கிரம் செருகுய்யா, அரை நிமிஷம் போச்சு!"