காலி அடுக்கின் சூடு

சுப்பீரியர் ஏரிக்கரை ஊரொன்றில் குடிநீர்ப் பம்புகளை ஓட்டும் மென்பொருள், 32 பிட் என்ற பழைய வகைப் புராசஸர் இருந்தால்தான் வேலை செய்யும். அது இருந்த பழைய கணினியை நேற்றே எடைக்குப் போட்டாகிவிட்டது. பம்பு நிலையப் பொறியாளர் மார்லிஸ் புதுக் கணினியில் ஒரு கட்டளை வரி சேர்த்தாள்: இந்த மென்பொருள் கேட்டால் மட்டும் 32 பிட் என்று சொல்.

பம்புகள் ஓடின. “பொய் சொல்லி ஊருக்கே தண்ணி குடுக்குறியே!” என்று சிரித்தான் உடன் வேலை பார்க்கும் ஆரின்.

மதியம், பழைய கணினியின் பெயரில் வெப்ப அறிக்கை வந்தது: அறுபத்தோரு டிகிரி. மார்லிஸ் அந்த வரியை அழித்தாள். அது இல்லாமல் நின்றுவிட வேண்டிய பம்புகள் நிற்கவில்லை. அடுத்த அறிக்கையில் எண்பது.

சர்வர் அறைக்குப் போய், பழைய கணினி இருந்த காலி அடுக்கில் கை வைத்தாள்.

“ஆரின்,” என்றாள், உள்ளங்கையை ஊதிக்கொண்டே. “தீக்காயத்துக்குப் போடுற களிம்பு எங்க வச்சிருக்க?”